வெற்றுக்காணி

ஜனவரி 12, திங்கள்

புது டயரி. முதல் பதினொரு நாளும் ஒன்றும் எழுதாமலே போய்விட்டன. இன்று எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் யாரையாவது கடித்துவிடுவேன்.

காலையில் ஒபிசுக்குப் போனால் வாசலில் புதுப் பலகை. சிங்களம் சரி, ஆங்கிலம் சரி. தமிழில் "விசரணைப் பிரிவு". ஒரு துணைக்கால் போனதில் விசாரிக்கிற இடம் விசர் பிடித்த, பைத்தியக்கார இடமாகிவிட்டது. பன்னிரண்டு வருடமாக இந்தத் திணைக்களத்தில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் நான். என் முத்திரை இல்லாமல் தமிழில் ஒரு கடதாசி வெளியே போகாது. பலகை மட்டும் யாரையும் கேட்காமல் போகும்.

கமலேஸ்வரன் சேரிடம் சொன்னேன். எங்கள் மொழிபெயர்ப்புப் பிரிவின் தலைவர் அவர், யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல தமிழ் தெரிந்தவர்.

"விடும் பிள்ளை. தமிழ்தானே. ஆர் வாசிக்கப் போகினம்?" என்றார்.

ஒரு தமிழர் இதைச் சொல்கிறார். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே சொல்கிறார்.

அடுத்த மாதம் இலண்டனிலிருந்து ஒரு விசேட தூதுவர் வருகிறார். பெயர் திருமதி வின்டர். ஆறு நாளில் கொழும்பு, டெல்லி, டாக்கா. முன்பு ஆண்ட நாடுகளோடு இனி நெருங்கிய நண்பராக இருக்க வேண்டுமாம். கொழும்பில் ஒரு கூட்டறிக்கை, ஒரு விருந்து. பிறகு ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நினைவுக்கல் திறப்பு. அந்தத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைமாரின் பழைய கல்லறைகள் இருக்கின்றன. அவற்றைத் திருத்தி, சுற்றிவர நட்புறவுப் பூங்கா போடுகிறார்கள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் வாகனங்கள் நிறுத்தத் தரிப்பிடம். தோட்டத்தின் பெயர் ஆர்ட்னொக்.

"உந்த இடம் தெரியுமோ?" என்று சேர் கேட்டார்.

"கேள்விப்பட்டிருக்கிறன்" என்றேன்.

கூட்டறிக்கையின் முதல் பந்தியிலேயே "இரு மக்களும் பகிர்ந்துகொண்ட வரலாறு" என்று இருக்கிறது. மூன்று தடவை வாசித்தேன். எதைப் பகிர்ந்துகொண்டோம்? பங்களாவை அவர்கள் எடுத்தார்கள், ஒற்றை அறை லயத்தை நாங்கள் எடுத்தோம். அட்டைக்கடி முழுவதும் எங்கள் பங்கு.

'நாங்கள்' என்று எழுதிவிட்டேன். டயரிதானே, இருக்கட்டும்.

ஜனவரி 15, வியாழன்

தைப்பொங்கல். அன்னம் அக்கா ஃபோன் எடுத்தாள்.

"பொங்கலுக்காவது வருவேன்னு பாத்தேன் மலரு."

"லீவு இல்லக்கா."

இன்று நாடு முழுக்க லீவு. அது அக்காவுக்கும் தெரியும். "சரி, சாப்டியா" என்று மட்டும் கேட்டாள்.

அக்கா இருப்பது ஆர்ட்னொக் தோட்டத்து மேற்பிரிவு லயத்தில். நான் பிறந்ததும் அங்கேதான். தோட்டத்துச் சனம் யாரும் அதை ஆர்ட்னொக் என்று சொல்வதில்லை, கல்லுமலை என்பார்கள். கடிதத்துக்கு ஒரு பெயர், வாய்க்கு ஒரு பெயர். அம்மாவை அடக்கம் செய்ததும் கல்லுமலையில்தான், ஒன்பது வருடமாகிறது. கடைசியாகப் போனது எப்போது என்று கணக்குப் பார்க்க விருப்பமில்லை.

ஒபிசில் யாருக்கும் தெரியாது. அங்கே நான் யாழ்ப்பாணத்தார் மாதிரி 'ஓம்' என்றுதான் சொல்வேன். தோட்டத்து 'ஆமா' ஒருநாளும் வாய் தவறி வந்ததில்லை.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைத்தேன்.

ஜனவரி 19, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் அக்கா ஃபோன். அழுகிறாளா திட்டுகிறாளா என்று முதலில் விளங்கவில்லை.

"மண்ணு தள்ளுற பெக்கோ மெசின் கொண்டாந்து நம்ம பொதகாட்டத் தள்ளிப்புட்டானுங்கடி. மேடெல்லாம் சமமா கெடக்கு. அம்மா தலமாட்டுல வச்ச குரோட்டன் இருக்குல்ல, அதையும் பொரட்டி ஓரமா போட்டுட்டானுங்க."

பொதகாடு என்றால் எங்கள் மயானம். துரைமார் கல்லறைக்கு நேர் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம். நூற்றைம்பது வருடத்துப் பிணங்கள். ஒன்றுக்கும் பெயர்க்கல் கிடையாது. குரோட்டன் செடி, உருண்டைக் கல், உடைந்த போத்தல், அவ்வளவுதான் அடையாளம்.

"யார் கேட்டுத் தள்ளினாங்க? நீங்க சும்மா பாத்துக்கிட்டு இருந்தீங்களா?" என்று கத்தினேன். பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். ஃபோனோடு படிக்கட்டுக்குப் போனேன்.

"போன ஆவணியிலயே நோட்டீஸ் ஒட்டிட்டாங்களாம். யாருக்காச்சும் ஆட்சேபன இருந்தா முப்பது நாளுக்குள்ள எழுதிக் குடுங்கன்னு. நாங்களும் வாசிச்சோம். லொட்டு நாலு பின்னு ஒரு துண்டு, வெத்துக்காணின்னு போட்டிருந்துச்சு. வெத்துக்காணின்னா நம்ம பொதகாடு இல்லையேன்னு கம்முன்னு இருந்துட்டோம்."

அக்கா இன்னும் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

கோப்பை எடுத்துப் பார்த்தேன். அறிவித்தலின் தமிழ்ப் பிரதி, ஆகஸ்ட் மாதத்தது. "லொட் 4பி எனும் வெற்றுக்காணி." எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. துணைக்கால்கள் எல்லாம் அதனதன் இடத்தில். கீழே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரை.

யாருடைய முத்திரை என்று இங்கே எழுதப்போவதில்லை.

ஜனவரி 21, புதன்

சேரின் அறைக்குப் போனேன். அந்தக் காணி வெற்றுக்காணி இல்லை, மயானம். திருத்தம் போட வேண்டும் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஆங்கிலத்தில வேக்கன்ட் எண்டுதானே கிடக்கு. நீர் உள்ளதைத்தானே மொழிபெயர்த்தனீர். முப்பது நாளும் முடிஞ்சுது. ஒருத்தரும் ஆட்சேபிக்கேல்ல. திணைக்களப் பணிப்பாளர் கையெழுத்தும் வச்சாச்சு. இனி விழா முடிஞ்ச பிறகு கொங்கிரீட் போடுவினம், அவ்வளவுதான்."

"மேல கார் நிக்கப் போகுது சேர்."

"அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?" பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "ஏன், உங்கட ஆக்களோ?"

"இல்லை சேர்."

அவ்வளவு சுலபமாக வந்தது. இருமல் வருவது போல. கதவை மூடிவிட்டு வெளியே வந்தபோது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. அறையவில்லை. கூட்டறிக்கையின் நான்காம் பந்தியை மொழிபெயர்த்தேன். "பரஸ்பர மரியாதை." நன்றாகத்தான் வந்திருக்கிறது.

ஜனவரி 25, ஞாயிறு

விடியற்காலை ரயிலில் ஹட்டன், அங்கிருந்து பஸ். அக்காவுக்குச் சொல்லாமல் போனேன்.

முதலில் துரைமாரின் கல்லறைகளைத்தான் பார்த்தேன், தெரு வளைந்ததும் அதுதான் கண்ணில் படும். பாசியெல்லாம் சுரண்டி, சலவைக்கல்லைக் கழுவி, புல்லை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் பெயர், பிறந்த நாள், செத்த நாள், எதனால் செத்தார் என்பதுகூட இருக்கிறது. எட்வர்ட் வின்டர், சின்னத்துரை என்கிற உதவி மனேஜர், காய்ச்சல், 1891, வயது இருபத்தாறு. தூதுவர் அம்மையாரின் கொள்ளுப்பாட்டனாருக்குத் தம்பியாம். நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது: "மலரஞ்சலி, ஏழு நிமிடம்."

செத்து நூற்று முப்பது வருடத்துக்கு மேல். ஒரு எழுத்தும் அழியவில்லை.

தெருவைத் தாண்டினால் செம்மண். துடைத்துவிட்ட மேசை மாதிரி மட்டமாக. அதன் மேல் அக்காவும் ஏழெட்டுப் பெண்களும் கையில் குச்சிகளோடு நின்றார்கள். யார் யார் எங்கே கிடக்கிறார்கள் என்று நினைவுபடுத்திக் குச்சி நடுகிறார்கள். ஒருத்தி, என் புருசன் இந்தத் தண்ணிக் கானுக்கு ரெண்டு எட்டு மேலே என்கிறாள். கானையே மூடிவிட்டார்கள். இன்னொருத்தி, அது எங்க மாமியாரு எடம் என்று சண்டைக்குப் போகிறாள். அக்கா ஒரு குச்சியை நட்டாள், பிடுங்கினாள், நாலு அடி தள்ளி நட்டாள், அதையும் பிடுங்கினாள்.

என்னைப் பார்த்ததும், "அம்மா இங்கயா, அங்கயான்னு தெரியலடி" என்றாள். பொங்கலுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அம்மா எங்கே என்று எனக்கும் தெரியவில்லை. செடியை வைத்துத்தான் எனக்கு இடம் தெரியும். செடி ஓரத்தில் வேரோடு காய்ந்து கிடந்தது.

லயத்தில் ரொட்டியும் சம்பலும் தந்தாள். சாப்பிடும்போது சொன்னாள்:

"நீ கவர்மெண்டு ஒபிஸ்ல பெரிய வேலயில இருக்க. அந்த நோட்டீஸ எழுதுனது யாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லு. அவன் கை வெளங்காமப் போக. அவனுக்கு ஆத்தான்னு ஒருத்தி இல்லாமயா இருந்திருப்பா?"

"கேக்குறேன்க்கா" என்றேன்.

இன்னொரு ரொட்டி போட்டாள். அதையும் சாப்பிட்டேன்.

பெப்ரவரி 4, புதன்

சுதந்திர தினம். காலிமுகத்திடல் பக்கமிருந்து பீரங்கிச் சத்தம் கேட்டது. உடுப்புத் தோய்த்தேன்.

பெப்ரவரி 9, திங்கள்

நினைவுக்கல்லின் வாசகம் வந்திருக்கிறது. மூன்று மொழி. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் ஐந்தைந்து வரி: நட்பு, புரிந்துணர்வு, பொதுவான எதிர்காலம், கீழே திருமதி வின்டர் அவர்களால் திறந்துவைக்கப்பட்டது என்று. தமிழுக்கும் ஐந்து வரி இடம் விட்டிருக்கிறார்கள். தரிப்பிடத்தின் வாசலில் கல் நிற்கும். வருகிறவர்கள் காரிலிருந்து இறங்கும்போதே தெரிய வேண்டுமாம்.

நாலு வாரமாக இந்த டயரியில் எல்லோரையும் திட்டிவிட்டேன். ஆண்டவர்களை, ஆள்கிறவர்களை, பெக்கோக்காரனை, கமலேஸ்வரன் சேரை. இப்போது மிச்சத்தை எழுதுகிறேன்.

ஆகஸ்டில் அந்த அறிவித்தல் என் மேசைக்கு வந்தபோது முதல் வரியிலேயே ஆர்ட்னொக் என்று இருந்தது. வாசித்தேன். சேர் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மாறினால் ஏன் என்று கேட்பார், கேட்டால் சொல்ல வேண்டி வரும். மளமளவென்று மொழிபெயர்த்து முத்திரை குத்திக் கொடுத்துவிட்டேன். அரைமணி நேர வேலை. பின்னால் 'இணைப்பு இ' என்று ஒரு வரைபடம் மடித்துச் சொருகியிருந்தது. வரைபடத்தை மொழிபெயர்க்கத் தேவையில்லை. அதனால் பிரிக்கவில்லை. அதனால் என்றா எழுதினேன்? பிரித்தால் தெரிந்துவிடும் என்று பிரிக்கவில்லை.

அக்கா சாபம் கொடுத்த கை இதுதான். இந்தக் கைதான் இப்போதும் எழுதுகிறது.

பின்னேரம் கல்லுக்கான ஐந்து வரியை எழுதி, படிவத்தோடு சேரிடம் கொண்டுபோனேன். 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்து வைத்தார். மடித்த தாளைப் பிரிக்கவில்லை.

"நீர் பாத்தால் சரிதானே பிள்ளை. அஞ்சு வரிக்குள்ள வந்திட்டுதோ?"

"ஓம் சேர். அஞ்சு வரிதான்."

பன்னிரண்டு வருட நம்பிக்கை அது. இவ்வளவு கோபத்திலும் அது கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம்தான்.

பெப்ரவரி 12, வியாழன்

கல் வெட்டும் பட்டறைக்குப் போனேன், எழுத்துப் பிழை பார்க்க. கல் வெட்டுகிறவர் வயதான சிங்களவர், தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. கோலம் போடுவது போல உருவத்தைப் பார்த்து அப்படியே வெட்டுகிறார். ஒரு துணைக்கால்கூடத் தவறவில்லை. எங்கள் திணைக்களத்துப் பலகை எழுதுகிறவன் இவரிடம் வந்து கற்க வேண்டும்.

முதல் வரியின் கடைசிச் சொல்லில் விரலை வைத்து, இந்த உருவத்தை முன்பு கொழும்பில் ஒரு மதில் வேலைக்கு வெட்டியிருக்கிறேனே, இது பிணம் புதைக்கிற சவக்காலைக்குப் போடுகிற சொல் அல்லவா என்று சிங்களத்தில் கேட்டார். ஆம் என்றேன். மற்ற இரண்டு மொழியிலும் அப்படி ஒன்றும் இல்லையே என்றார். இல்லை என்றேன்.

உளியை எடுத்து அந்தச் சொல்லை இன்னும் ஆழமாக வெட்டினார்.

பெப்ரவரி 20, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குப் பதினான்கு வாகனங்கள் வந்து அந்தச் செம்மண்ணில் வரிசையாக நின்றன. பெண்கள் நட்ட குச்சிகளை முதல் நாளே பொறுக்கி எறிந்துவிட்டார்கள். கொழுந்து எடுக்கும் பெண்களை ஒரே நிறச் சேலையில் மாலையோடு நிறுத்தியிருந்தார்கள். அக்கா இரண்டாம் வரிசை. என்னைக் கண்டதும் லேசாகத் தலையசைத்தாள். நான் தூதுவரின் பக்கத்தில் நின்றேன், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் நிற்கும் உரைபெயர்ப்பாளராக.

திருமதி வின்டர் நல்ல மனிசியாகத்தான் தெரிந்தார். அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது. கொள்ளுப்பாட்டன் தம்பியின் கல்லறையில் பூ வைத்தபோது அவர் கண் கலங்கியது. பெயர் தெரிந்த கல்லில் கை வைத்து அழ அவருக்கு வாய்த்திருக்கிறது.

பிறகு நினைவுக்கல். திரையை இழுத்தார். கைதட்டல். பணிப்பாளர் சிங்களத்தை வாசித்தார், தூதுவர் ஆங்கிலத்தை வாசித்தார், எல்லோரும் படம் எடுத்தார்கள். தமிழை வாசிக்க யாரையும் கூப்பிடவில்லை. எப்போதும் கூப்பிடுவதில்லை. அதை நம்பித்தான் நானும் இருந்தேன்.

கூட்டம் தேநீர்ப் பந்தலுக்குத் திரும்பியது. அப்போது அக்கா வரிசையை விட்டு வந்து கல்லின் முன்னால் நின்றாள். அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. சத்தம் போட்டு, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

"இது கல்லுமலை மயானம்.

இங்கே எங்கள் ஆட்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

இதை வெற்றுக்காணி என்று எழுதியவள் நான்."

அந்த இடத்தில் நிறுத்தினாள். 'நான்' என்ற சொல்லில் விரல் நின்றது. பின்னால் நின்ற பெண்கள் "மேல வாசி அன்னம், மேல வாசி" என்றார்கள்.

"எழுதியது பொய்.

மாரியாயி மகள் யோகமலர்."

திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, எழுதவும் மாட்டேன்.

முதலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றினாள். பிறகு அடுத்தவள். பிறகு எல்லோரும் செம்மண்ணில் வெறுங்காலோடு நின்றார்கள். கார்களில் சாய்ந்து நின்ற ட்ரைவர்மார் என்னவென்று தெரியாமல் நிமிர்ந்தார்கள். கமலேஸ்வரன் சேர் தேநீர்க் கோப்பையோடு கல்லருகே வந்து வாசித்தார். கோப்பை சாய்ந்து சட்டையில் ஊற்றியது.

தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று தூதுவர் என்னைக் கேட்டார். பணிப்பாளர், நட்பைப் பற்றித்தான் என்று முந்திக்கொண்டு சொன்னார்.

இல்லை, உங்கள் வாகனங்கள் நிற்பது எங்கள் மயானத்தின் மேல் என்று எழுதியிருக்கிறது, கீழே இருக்கிறவர்களில் ஒருவர் என் அம்மா என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். வெற்றுக்காணி என்று எழுதியவள் நான்தான் என்றும் சொன்னேன். அதுவரை சொற்கள் சரியாக வந்தன.

அவர் கார்களைப் பார்த்தார். அம்மா எந்த இடத்தில் என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

அதைத்தான் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் தன் ட்ரைவரைக் கூப்பிட்டு வாகனத்தை எடுக்கச் சொன்னார். மற்றவர்களும் எடுத்தார்கள். பிறகு பெண்களின் பக்கம் திரும்பி "சொரி" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதைத் தமிழில் சொல்வது என் வேலை. சொல்லவில்லை. அவர் சொல்வதற்கு முன்பே அதைச் சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

அக்கா லயத்துப் பக்கம் நடந்துவிட்டாள். மாலை அவள் கையிலேயே இருந்தது.

பெப்ரவரி 23, திங்கள்

பணி இடைநிறுத்தக் கடிதம். முத்திரையைத் திருப்பிக் கொடுத்தேன். கடிதத்தின் தமிழ்ப் பிரதியில் இரண்டு பிழை. பழக்கத்தில் பேனாவை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன்.

சேர் படிக்கட்டு வரை வந்தார். கோபமாக வருவார் என்று நினைத்தேன்.

"கல்லை எடுக்கவும் ஏலாமல் கிடக்கு. அந்த மனிசியின்ர பேர் அதில இருக்கு, படமும் எல்லாப் பேப்பரிலயும் வந்திட்டுது. உடைச்சால் பெரிய வெக்கக்கேடு. கொங்கிரீட் வேலையை நிப்பாட்டச் சொல்லிப்போட்டினம். திரும்ப அளக்கப் போகினமாம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கு. வாசிக்காமல் கையெழுத்து வச்சது என்ர பிழை. நீர் தோட்டத்துப் பிள்ளையோ? பன்னிரண்டு வருஷம் எனக்குச் சொல்லேல்லையே."

"ஆமா சேர்" என்றேன்.

மார்ச் 1, ஞாயிறு

ஒன்பது நாள் கழித்து அக்கா ஃபோன் எடுத்தாள்.

"காரெல்லாம் இப்ப வர்றதில்ல. வாசல்ல சங்கிலி போட்டுட்டாங்க" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. "குரோட்டன் கொப்பு ஒண்ணு ஒடிச்சுத் தண்ணியில போட்டு வச்சிருக்கேன். வேர் விட்டுருச்சு. எங்க நடுறதுன்னுதான் தெரியல."

"நான் வர்றேன்க்கா."

"வா. நீயே வந்து எடத்தக் காட்டு. வெத்துக்காணின்னு எழுதத் தெரிஞ்சவளுக்கு அம்மா எங்கன்னு தெரியாமலா போயிரும்?"

வைத்துவிட்டாள்.

பியோனைக் கொண்டு கோப்பிலிருந்து பிரதி எடுத்து, மடித்தபடியே வைத்திருந்த 'இணைப்பு இ' வரைபடத்தை இன்றுதான் முதல் தடவையாகப் பிரித்தேன். தெரு இருக்கிறது, கான் இருக்கிறது. துரைமார் கல்லறைகள் ஒவ்வொன்றும் சிறிய சிலுவையாக, இலக்கம் போட்டு இருக்கின்றன. லொட் 4பி என்ற கட்டத்துக்குள் ஒன்றுமே இல்லை. வெள்ளையாக இருக்கிறது. நாளைக்கு இதையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.